மகுடம் சூடிய வாழை

முன்னொரு காலத்தில், வாழையும் நெல்லும் செழித்த ஓர் ஆற்றங்கரை நாட்டில், ஒரு குட்டி இளவரசி தன் தந்தையிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, இந்த அம்மா வாழைக்கு உடம்பு சரியில்லையா? பிள்ளை வாழையும் அதே மாதிரி நிற்கிறதே?"

மாலை உலாவுக்காக அரண்மனைத் தோட்டத்துக்கு வந்திருந்த மன்னர் குனிந்து பார்த்தார். அந்த வாழை மற்ற வாழைகளைப் போல இலையை விரித்துக் காற்றில் ஆடவில்லை. குட்டையாக நின்றது. இலைகள் ஒடுங்கி, விறைத்து, உச்சியில் ஒரே கொத்தாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அதன் அடியில் முளைத்த பக்கக்கன்றும் அச்சு அசலாக அப்படியே இருந்தது.

மன்னரின் பார்வை தோட்ட அதிகாரி வல்லபராயர் பக்கம் திரும்பியது. சந்தையில் மலிவாகக் கிடைத்த கன்றுகளை, எந்தத் தோப்பில் தோண்டியவை என்றுகூடக் கேட்காமல் வாங்கி வந்து நட்டவர் அவர்தான். நோய் தோட்டத்தின் பாதியைப் பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் பதவி போய்விடும் என்று பயந்தார். பயந்தவர் வாயில் வந்ததைச் சொன்னார்.

"மன்னர் பெருமானே, உச்சியை உற்று நோக்குங்கள். எதைப்போல் இருக்கிறது?"

"ஏதோ... கிரீடம் போல இருக்கிறது."

"அதேதான்! தங்கள் திருவடி பட்ட மண் அல்லவா? வாழைகளே மகுடம் சூடிக்கொண்டன!"

மன்னர் நல்லவர்தான். ஆனால் யார் புகழ்ந்தாலும் நம்பிவிடுவார். அது அவருக்கே தெரியும். அதற்கு மருந்தாக அவரே அருகில் வைத்துக்கொண்ட ஆள் அரண்மனை விகடன் அம்பலக்கூத்தன். அன்று பார்த்து விகடன் கோயிலுக்குப் போயிருந்தான். மருந்து கைவசம் இல்லாததால் நோய் முற்றிவிட்டது.

மறுநாள் அவையில் மன்னர் அறிவித்தார்: "இனி நம் நாட்டில் மகுட வாழைதான் விளைய வேண்டும். நம் தோட்டத்துக் கன்றுகளை எல்லாக் குடியானவர்களுக்கும் கொடுங்கள். மகுடமில்லாத கன்றுகளை வளர்க்கும் நாற்றங்கால்களை உழுதுவிடுங்கள். எனக்குச் செய்யும் மரியாதை எதுவோ, அதை மகுட வாழைக்கும் செய்யுங்கள்!"

அம்பலக்கூத்தன் நெற்றியைத் தடவிக்கொண்டான். காலையில்தான் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்திருந்தான். அவன் நெற்றியைத் தடவுவதை வல்லபராயர் கவனித்தார். மன்னர் தம் வெற்றிலைத் தட்டை இந்த விகடன் பக்கம் நகர்த்தும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரியும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தார்.

"பெருமானே, இந்தத் திருப்பணியை அம்பலக்கூத்தரிடமே ஒப்படைக்கலாம். தங்கள் பிறந்தநாள் விருந்தில் மகுட வாழையின் பழத்தை அவர் கையாலேயே தங்கள் இலையில் வைக்கட்டும். இதுகூட முடியாதென்றால் அரண்மனைச் சோற்றைத் தின்றுகொண்டு இங்கே எதற்கு?"

"நன்று! அம்பலக்கூத்தா, பழம் வராவிட்டால் நீ நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். சம்மதமா?"

"தங்கள் கட்டளையை ஒரு சொல்கூடக் குறையாமல் நிறைவேற்றுகிறேன், மன்னா" என்று அம்பலக்கூத்தன் கும்பிட்டான்.

கும்பிட்டானே ஒழிய, மனம் கனத்தது. அந்த நோய் பிடித்த வாழை குலை தள்ளாது என்று கேள்விப்பட்டிருந்தான். நேரே ஆற்றின் மேலக்கரைக்கு நடந்தான். நாட்டில் நோயில்லாத கன்று வளர்க்கும் நாற்றங்கால் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. உலகாயி என்பவளுடையது. உத்தரவுப்படி முதலில் உழ வேண்டியதும் அதைத்தான்.

வேலிப்படலைத் தள்ளியதும் உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அங்கனயே நில்லுங்க! தொட்டியில கையக் காலக் கழுவிட்டு வாங்க."

"நான் அரண்மனையிலிருந்து வருகிறேன், அம்மா."

"அப்ப ரெண்டு தடவ கழுவுங்க. அங்கதான் சீக்கு சாஸ்தியாம்."

அம்பலக்கூத்தன் சிரித்துக்கொண்டே கழுவினான். உலகாயி கன்றுகளின் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். வேரையும் சொத்தையையும் களைந்து, கிழங்கைச் சாணிக்கரைசலில் முக்கி, நிழலில் அடுக்கினாள். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு மண்வெட்டி தனியாக நின்றது. ஒரு பாத்தியின் மண்வெட்டி அடுத்த பாத்திக்குப் போகாது.

உத்தரவைச் சொன்னான். உலகாயியின் கத்தி நின்றது.

"இத உழுதுட்டா கீழக்கரைச் சனம் எதை நடும்? போன வெள்ளாமையே அந்தக் கொத்து நோய்ல போச்சு. எல்லாம் கடன ஒடன வாங்கி உழவு ஓட்டிட்டு, இந்தக் கன்னுக்குத்தான் காத்துக் கெடக்குதுங்க." தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தாய் நோவா கெடந்தா பிள்ளையும் நோவாத்தான் பொறக்கும் சாமி. அந்த மகுடம் வந்த மரம் குலை தள்ளவே தள்ளாது. ராசாகிட்ட எடுத்துச் சொல்லப்படாதா?"

"நேராகச் சொன்னால் அவர் காதில் ஏறாது, அம்மா. கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்."

"சுத்துறதுல வெயில் ஏறிடப் போவுது. வெரசா சுத்துங்க."

அவள் பேசிக்கொண்டே ஒரு கட்டுக் கன்றை வாழைநாரால் கட்டினாள். நாரைச் சுற்றி, முனையை உள்ளே செருகி, மேலே குட்டிக் காது மாதிரி ஒரு வளையம் விட்டாள். அம்பலக்கூத்தனின் கண் அதில் நிலைத்துவிட்டது.

"இது என்ன முடிச்சு, அம்மா?"

"எங்க வீட்டு முடிச்சு. நடுறவங்க கை சேறா இருக்கும். முடிச்சோட மல்லுக்கட்ட முடியுமா? காதைப் புடிச்சு இழுத்தா ஒரே இழுப்புல அவுந்துரும்."

அம்பலக்கூத்தன் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தான். பல வருடங்களுக்கு முன், பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வரும் வழியில், ஆற்று மதகடியில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தான். கண் விழித்தபோது மேலே ஒரு பழைய சேலை போர்த்தியிருந்தது. தலைமாட்டில் வாழையிலைப் பொட்டலம். காது வைத்த முடிச்சைப் பிடித்து இழுத்தான். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. உள்ளே தயிர்ச்சோறும் நாரத்தங்காய் ஊறுகாயும் இருந்தன. வைத்தவர் யார் என்று இத்தனை நாளும் அவனுக்குத் தெரியாது. அந்தச் சோற்றை மட்டும் அவன் ஒரு நாளும் மறந்ததில்லை.

அவளிடம் அதைச் சொல்லவில்லை. "உன் நாற்றங்காலில் ஏர் இறங்காது, அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

அன்றே வேலையைத் தொடங்கினான். நோய் கண்ட வாழைகளைச் சுற்றி உயர்ந்த வேலி எழுந்தது. வாசலில் ஈட்டியோடு காவலர் நின்றார்கள். கால் கழுவாமல் எவரும் உள்ளே போகக்கூடாது. வெளியே வரும்போதும் கை கால் கழுவ வேண்டும். உள்ளே புழங்கிய மண்வெட்டி வெளியே வரக்கூடாது. மகுட வாழைகளுக்குக் காலையும் மாலையும் கட்டியம் கூறப்பட்டது. கன்று கேட்டு வந்த குடியானவர்களிடம் காவலர்கள், "இளவரசர்கள் வெளியே வர மாட்டார்கள்" என்று பணிவோடு சொல்லி, மேலக்கரைக்குக் கை காட்டினார்கள்.

வல்லபராயர் மன்னரிடம் ஓடினார். "பெருமானே! அம்பலக்கூத்தர் ஒரு கன்றைக்கூடக் கொடுக்கவில்லை. மேலக்கரை நாற்றங்காலையும் உழவில்லை. கட்டளையைக் காற்றில் விட்டுவிட்டார்!"

மன்னர் விகடனை அழைத்துவரச் சொன்னார். அவர் முகம் கடுத்திருந்தது.

"மன்னா," என்றான் அம்பலக்கூத்தன், "தங்களுக்குரிய மரியாதையை மகுட வாழைக்கும் செய்யச் சொன்னீர்கள். தங்களைக் காண வருகிறவர் கால் கழுவாமல் வருவதுண்டா?"

"இல்லை."

"தங்கள் வாளை எவனாவது எடுத்துப்போய்க் காய் நறுக்குவதுண்டா?"

"தலை போய்விடும்!"

"நம் இளவரசியாரை ஊருக்கொரு நாள் என்று குடியானவர் வீட்டுக் கொல்லைகளுக்கு அனுப்புவீர்களா?"

மன்னரின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று அவையோருக்குத் தெரிந்தது. "சரி. மகுடமில்லாத கன்றுகளை ஏன் உழவில்லை?"

"குடிகளையெல்லாம் உழுதுவிட்டால் மகுடம் வைத்தவர்கள் யாரை ஆள்வார்கள், மன்னா?"

அவையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மன்னரும் சிரித்துவிட்டார். "பிறந்தநாள் வரை பொறுக்கிறேன். ஆனால் பழம் வந்தாக வேண்டும்!"

"பழமில்லாமல் தங்கள் இலை இருக்காது, மன்னா."

வெளியே வந்த வல்லபராயர், "இன்னும் எத்தனை நாளைக்கு இந்த வாய் காப்பாற்றும், பார்க்கிறேன்" என்று முணுமுணுத்தார். அம்பலக்கூத்தனுக்கும் அதே கவலைதான். கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, நாட்டை விட்டுப் போக மூட்டையையும் கட்டி வைத்துக்கொண்டான்.

அதற்குள் மேலக்கரைக் கன்றுகள் கட்டுக்கட்டாகப் படகேறிக் கீழக்கரை போய்ச் சேர்ந்தன. சேற்றுக் கைகள் முடிச்சின் காதைப் பிடித்து இழுத்தன. கன்றுகள் மண்ணில் இறங்கின.

பிறந்தநாள் வந்தது. விருந்து மண்டபத்தில் தலைவாழை இலை போட்டு மன்னர் அமர்ந்தார். பாயசமும் பருப்பும் பரிமாறியாயிற்று. பழம் வைக்கும் மூலை மட்டும் காலியாக இருந்தது. அப்போது வாசலில் மேளம் கேட்டது. மெல்லிய துணியால் மூடிய பல்லக்கு ஒன்று வந்து இறங்கியது. உள்ளே ஒரு பெரிய மண்தொட்டியில் மகுட வாழை. மேலே வெண்குடை.

அம்பலக்கூத்தன் பல்லக்கின் முன் மண்டியிட்டான். "வாழை வேந்தே! எங்கள் மன்னர் இலை போட்டுக் காத்திருக்கிறார். ஒரு பழம் தந்தருள வேண்டும்."

காதை வைத்துக் கேட்டான். எழுந்தான்.

"என்ன சொல்கிறது?" என்றார் மன்னர்.

"சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 'தலையில் மகுடம் இருக்கிறது. பழம் தருவதெல்லாம் சாதாரண வாழைகளின் வேலை' என்கிறது."

"என்ன திமிர்!" என்றார் மன்னர், தம்மை மறந்து.

"ஒருவேளை சபையோர் தடுக்கிறார்களோ என்னவோ. மகுடம் இருந்தால் சபையும் இருக்குமே. பாருங்கள், மன்னா." இலைக்கொத்தை மெல்ல விரித்தான். இலைக்காம்பின் மடிப்பில் கறுப்பாகப் பொடிப் பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன. "எல்லாரும் மகுடத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறந்து உண்மை சொல்வதில்லை. வாய் முழுக்கச் சாறு!"

மன்னர் பூச்சிகளைப் பார்த்தார். பிறகு தம் இரு பக்கமும் அமர்ந்திருந்த அவையோரைப் பார்த்தார். வல்லபராயர் பாயசத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அன்றைக்கே கேட்டேனே" என்றாள் இளவரசி, அப்பளத்தைக் கடித்துக்கொண்டே. "அதற்கு உடம்பு சரியில்லை."

மன்னரின் தோள் குலுங்கியது. முதலில் சத்தமே இல்லை. பிறகு மண்டபம் அதிரச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஆமாம் கண்ணே. அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை, பிள்ளைக்கும் சரியில்லை. உன் அப்பாவுக்குத்தான் புரிய இத்தனை நாளாயிற்று!"

பல்லக்கின் பின்னால் நின்ற காவலன் ஒரு பழச்சீப்பைக் கொண்டுவந்து நீட்டினான். அம்பலக்கூத்தன் ஒரு பழத்தை எடுத்து இலையின் வெற்று மூலையில் வைத்தான். "மேலக்கரைத் தாய்மரங்களின் பழம், மன்னா. மகுடம் கிடையாது. குலை உண்டு."

"ஆனால் நான் கேட்டது மகுட வாழையின் பழத்தை அல்லவா?"

"மகுட வாழைதானே பழம் தருவது சாதாரண வாழையின் வேலை என்றது! அதன் ஆணையைத்தான் நிறைவேற்றினேன்."

மன்னர் பழத்தை உரித்து, பாதியை மகளுக்குக் கொடுத்துத் தாமும் தின்றார். நோய் கண்ட வாழைகளைப் பூச்சியோடும் கிழங்கோடும் எரித்துவிட உத்தரவிட்டார். அரசர்களாயிற்றே என்று அம்பலக்கூத்தன் அதையும் மேளதாளத்தோடு நடத்தி வைத்தான். இனி நாட்டில் எவர் வாழை நட்டாலும், நோயில்லாத தாய்மரத்துக் கன்றைத்தான் நட வேண்டும் என்று மன்னர் சட்டம் செய்தார். மேலக்கரை நாற்றங்காலுக்குப் பக்கத்து நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

"வல்லபராயரை என்ன செய்வது?" என்று கேட்டார்.

வல்லபராயர் இலையிலிருந்து எழுந்து கைகூப்பி நின்றார். அம்பலக்கூத்தனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயந்த மனிதன் பொய் சொல்கிறான். பயத்தை எடுத்துவிட்டால் பொய்யும் போய்விடும் என்று அவன் நம்பினான்.

"மேலக்கரையில் கை கழுவ வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமாம், மன்னா. கொஞ்ச காலம் ஊற்றட்டும். தோட்டம் பார்க்கத் தாமே கற்றுக்கொள்வார்."

"பிழைத்தேன்" என்று வல்லபராயர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மன்னர் தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து அம்பலக்கூத்தனுக்குப் போர்த்தி, வெற்றிலைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

சில நாள் கழித்து, ஒரு நண்பகலில், அம்பலக்கூத்தன் தனியாக மேலக்கரைக்குப் போனான். பட்டுச் சால்வை வீட்டில் இருந்தது. படகுகள் போய்விட்டிருந்தன. வல்லபராயர் சாப்பிடப் போயிருந்தார். கன்று ஏற்றி ஓய்ந்த உலகாயி வேலியோர நிழலில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உலை வைக்க நேரமில்லாத நாள் என்று அடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

படலுக்கு வெளியே நின்று கையையும் காலையும் கழுவிக்கொண்டான். சத்தமில்லாமல் உள்ளே போய், அவள் தலைமாட்டில் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை வைத்தான். தயிர்ச்சோறும் நாரத்தங்காய் ஊறுகாயும். மேலே வாழைநார் முடிச்சு. அந்தக் காது சரியாக வர அவன் வீட்டில் எத்தனையோ நாரைப் பாழாக்கியிருந்தான். வெயில் அவள் முகத்துக்கு நகர்வதைக் கண்டு, விழுந்து கிடந்த ஒரு வாழைமட்டையை எடுத்து வேலியில் சாய்த்து வைத்தான்.

போகும்போதும் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டான். படலைச் சாத்திவிட்டு நடந்தான்.