சேந்தன் வாங்கிய கடைசி மனை

வில்லவராயன் என்ற அரசரின் நாட்டில், என்றோ நெருப்பைக் கக்கி ஓய்ந்த ஒரு மலை இருந்தது. புகைக்குன்று என்று பெயர். இப்போது அது விடியற்காலையில் மட்டும் ஈர விறகு போட்ட அடுப்பைப் போலக் கொஞ்சம் புகையும். பழைய சாம்பல் படிந்த அதன் அடிவாரப் பள்ளத்தில் எதைப் போட்டாலும் விளையும். உளுந்து, பருத்தி, மிளகாய் என்று வருடம் முழுக்க மண் சும்மா கிடக்காது.

புகையைப் பார்க்க வெளிநாட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தார்கள், வாயைப் பிளந்தார்கள், இரண்டு படி மிளகாய் வாங்கிக்கொண்டு போனார்கள். மந்திரி மகுடேசருக்கு இது பொறுக்கவில்லை.

"அரசே, இவ்வளவு அழகான இடத்தில் போய் உளுந்து விதைக்கிறார்கள்" என்றார்.

"வேறென்ன விதைப்பது?"

"மாளிகைகள். மனை போட்டு வணிகர்களுக்கு விற்போம். அவர்கள் படுக்கையில் சாய்ந்தபடியே மலையைப் பார்க்கட்டும்."

"அங்கே உழுகிறவர்கள்?"

"நாலு பேரை வைத்துக்கொள்வோம். விருந்தினர் வரும்போது உழுவதுபோல் நடிக்கட்டும். மாட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசிவிடலாம். மற்றவர்கள் ஆடி பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும்."

அரசருக்குக் கொம்புக்கு வண்ணம் பூசும் யோசனை மிகவும் பிடித்திருந்தது. மந்திரி எழுதிக் கொடுத்ததை அப்படியே முரசறையச் சொன்னார். 'புகைக்குன்றின் பள்ளத்தில் மனை வாங்குபவர் எவராயினும், அவர் மனைக்கும் மலைக்கும் நடுவே ஒரு சுவரும் எழும்பாது. இது அரசர் வாக்கு!'

அந்த நாட்டில் முரசறைந்த சொல்லை அரசரே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. வில்லவராயனின் பாட்டனார் ஒருமுறை பல்வலி வேகத்தில், இனி யாரும் முறுக்கைக் கடிக்கக் கூடாது என்று முரசறைந்துவிட்டார். வலி மறுநாளே போய்விட்டது. சட்டம் போகவில்லை. இன்றும் அங்கே முறுக்கை மோரில் ஊறவைத்துத்தான் தின்கிறார்கள்.

பள்ளத்தில் உளுந்து விதைக்கும் மாசாணி, அவையில் விகடம் பேசும் சேந்தனைத் தேடி வந்தாள். அரசர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல் இருக்கச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அவன்தான்.

"நடிக்கிறதுக்குக் கூலி குடுப்பாங்களாம் ஐயா. உழுகிறதுக்குத்தான் எடமில்லையாம். எடுத்து வச்ச விதையை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

"மூட்டையை அவிழ்க்காமல் வை. நானும் அங்கே ஒரு மனை வாங்கப் போகிறேன்."

மாசாணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவையில் சேந்தன் தன் மோதிரத்தைக் கழற்றி நீட்டினான். "மந்திரியாரே, இதற்கு ஒரு மனை கிடைக்குமா?"

மகுடேசருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த மோதிரத்துக்கு முன்வரிசையா கிடைக்கும்? பள்ளத்தின் மறுகோடியில், குப்பைமேட்டை ஒட்டி ஒன்று இருக்கிறது. எல்லா மனைக்கும் பின்னால். ஈ ஓட்டிக்கொண்டே மலை பார்க்கலாம்."

அவையே சிரித்தது. சேந்தனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

கால்கோள் நாள் வந்தது. வணிகர்கள் பட்டாடையில் நின்றார்கள். உழவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓரமாக நின்றார்கள். முதல் செங்கல்லை வைக்க அரசர் வெள்ளிக் கரண்டியால் சாந்தை அள்ளினார்.

"அரசே, கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள். மலை மறைகிறது."

எல்லோரும் திரும்பினார்கள். சற்றுத் தள்ளி, குப்பைமேட்டருகே ஒரு கயிற்றுக் கட்டிலில் சேந்தன் சாய்ந்திருந்தான். கையில் ஈ ஓட்ட ஒரு வேப்பங்கொத்து.

"யாரைப் பார்த்து நகரச் சொல்கிறாய்?" என்று மகுடேசர் சீறினார்.

"அரசர் நகராவிட்டாலும் பரவாயில்லை. அவர் நாளெல்லாம் அங்கேயே நிற்கப்போவதில்லை. ஆனால் அந்தச் செங்கல்லை வைக்கக் கூடாது. என் மனைக்கும் மலைக்கும் நடுவே ஒரு சுவரும் எழும்பாது என்று முரசு சொன்னது. நடுவே இருப்பது இந்தப் பள்ளம் முழுவதும்."

"அது மாளிகை கட்டும் பெரியவர்களுக்குச் சொன்னது."

"முரசு 'எவராயினும்' என்றது. நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள்."

வணிகர்களில் ஒருவர் மெதுவாக மந்திரியிடம் வந்தார். "என் மனை மூன்றாம் வரிசை. முன்னால் இரண்டு வரிசை மாளிகை வந்தால் நான் எதைப் பார்ப்பது?"

"பிறகு பேசிக்கொள்ளலாம்."

"பிறகு என்றால், கட்டிய பிறகா?"

வணிகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து மந்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். மகுடேசர் வியர்வையைத் துடைத்தபடி சேந்தன் பக்கம் ஓடினார்.

"உன் மோதிரத்தை வாங்கிக்கொண்டு மனையைத் திருப்பிக் கொடுத்துவிடு."

"மாட்டேன். இவ்வளவு நல்ல காட்சி வேறெங்கே கிடைக்கும்?"

அரசர் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். மோரில் ஊறிய முறுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கரண்டியைக் கீழே போட்டார்.

"வணிகர்களின் பணத்தை மந்திரி தன் கையிலிருந்து திருப்பித் தரட்டும். இந்தப் பள்ளத்தில் சுவர் எழும்பாது. உழுகிறவர்கள் உழட்டும்."

ஓரத்தில் மாசாணி விதை மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். அரசர் வாயிலிருந்து வேறொரு வார்த்தை வருமுன் அவிழ்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு.

அரசர் குப்பைமேடு வரை நடந்துபோய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் பள்ளம் முழுவதும் தெரிந்தது, அதற்கு மேலே மலையும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டார்.

"நல்ல யோசனை, சேந்தா."

"மாலையை மந்திரியாருக்குப் போடுங்கள், அரசே. மட்டம் தட்டுவதாக நினைத்து என்னை எல்லோருக்கும் பின்னால் தள்ளியது அவர்தான். முன்வரிசையில் ஒரு மனையைக் கொடுத்திருந்தால், இந்நேரம் நானும் ஒரு நல்ல கொத்தனாரைத் தேடிக்கொண்டிருப்பேன்."