சீட்டும் சிலிண்டரும்

விலங்கியல் பேராசிரியர் ஞானசிகாமணியிடம் பிஎச்.டி. சேர்ந்தால், அவர் வீட்டு வேலையும் சேர்ந்தே வரும். ஒரு நாள் மாணவி பொற்கொடியைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு டீன் லேபைப் பார்க்க வர்றார். நீ சீட்டைவிட்டு எழுந்திருக்கவே கூடாது. எங்க வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வருது, வீடு பூட்டியிருக்கு. அதையும் நீதான் வாங்கணும்."

"ரெண்டும் எப்படி சார்?"

"டைம் மேனேஜ்மென்ட்மா! ஆராய்ச்சி பண்றவளுக்கு அதுகூடத் தெரியாதா?"

"சரிங்க சார்" என்றவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே சிலிண்டர்காரருக்குப் போன் போட்டாள்.

பதினொரு மணிக்கு டீன் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தபோது, தோளில் சிலிண்டரோடு ஒருவர் லேபுக்குள் வந்தார். "ஞானசிகாமணி சார் யாருங்க? ஓடிபி சொல்லுங்க."

டீன் நிமிர்ந்தார். "இது எந்த ஆராய்ச்சிக்கு?"

பேராசிரியர் பொற்கொடியை முறைத்தார்.

"சீட்டைவிட்டு நான் எழுந்திருக்கவே இல்லை சார்" என்றாள் அவள்.

"பாவம், எவ்வளவு நேரம் சுமப்பார்? நம்பரைச் சொல்லுங்க" என்றார் டீன். பேராசிரியர் போனைத் தடவி எடுத்து, நாலு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னார்.

அதன்பிறகு அவர் வீட்டு சிலிண்டரை அவரே வாங்கினார். புதிதாகச் சேரும் மாணவர்களுக்குப் பொற்கொடி சொல்வது ஒன்றுதான்: "கைடு சொன்ன வேலையை மாட்டேன்னு சொல்லாதீங்க. நாலு பேர் பார்க்கிற இடத்துல செஞ்சுடுங்க."