பல்லக்கில் ஏறிய இங்கிலீஷ்

வேம்பாறை சமஸ்தானம் சின்னது. அதன் ராஜா குமாரரங்க ராயரின் வீம்புதான் பெரியது. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா வாக்கில் பிழையே கிடையாது. உண்டு என்று எவனாவது சொல்லிவிட்டால் மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, ஊரைச் சுற்றி ஊர்வலம்.

இப்பேர்ப்பட்ட ராஜாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை துபாஷி நாகலிங்க முதலியார் தலையில் விழுந்தது. துரைமார் பேச்சை அரண்மனைக்கும், அரண்மனைப் பேச்சைத் துரைமாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்வது அவர் தொழில். பாவம் மனுஷர்! மாணாக்கர் தப்பாகப் பேசுவார், வாத்தியார் தப்பு என்று சொல்லக்கூடாது. இதுவும் ஒரு வாத்தியார் வேலையா?

குளம், கோயில், கோட்டை எல்லாவற்றுக்கும் ராஜா இங்கிலீஷ் வார்த்தை பிடித்துவிட்டார். 'இன்', 'டு', 'ஃப்ரம்' கூட வந்துவிட்டன. வம்பு செய்தவை அவற்றுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் குட்டி வார்த்தைகள்தான். 'நேரே கோயிலுக்கு', 'வாசலுக்குச் சற்று உள்ளே' என்கிறோமே, அந்த 'நேரே'யும் 'சற்று'ம் மாதிரி. இங்கிலீஷில் 'ஸ்ட்ரெயிட்', 'ஜஸ்ட்', 'ஃபார்', 'ரைட்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு உண்டு. ராஜாவுக்கு அளவாவது ஒன்றாவது! 'ரைட்' என்ற சத்தம் பிடித்துப்போய், பாயசத்தில் பெருங்காயம் போடுவதுபோல் அதை எல்லாவற்றிலும் தூவினார்.

படைக்குத் தலைவரான தளவாய் அனந்தப்பர் இதைக் கவனித்தார். தன் மைத்துனனைத் துபாஷி ஆக்கவேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. சபையில் எழுந்தார்.

"மகாராஜா, அடுத்த மாதம் கலெக்டர் துரை வருகிறார். துபாஷி வாயே திறக்கக்கூடாது. தாங்களே இங்கிலீஷ் பேசி ஊரைக் காட்டவேண்டும்."

"பேஷ்!" என்றார் ராஜா.

"துரை ஒரு தடவை சிரித்தாலும் குற்றம் சொல்லிக்கொடுத்தவருடையது. கழுதை தயாராக இருக்கட்டும்."

"இருக்கட்டுமே!"

முதலியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். திருத்தினால் கழுதை, திருத்தாவிட்டாலும் கழுதை. ராத்திரி முழுக்கப் புரண்டவர், காலையில் தெளிந்த முகத்தோடு ராஜாவிடம் வந்தார்.

"மகாராஜா, இங்கிலீஷ் தெரிந்தவர் பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குத் தமிழில் கட்டளை இடுவதா? இங்கிலீஷிலேயே இடுங்கள். அடியேன் பக்கத்தில் நடந்துவந்து அவர்களுக்குத் தமிழில் சொல்கிறேன். கூட்டாமல், குறைக்காமல்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்று மாலையே குளத்தங்கரையில் காற்று வாங்கக் கிளம்பினார். பல்லக்கில் சாய்ந்தபடி கம்பீரமாக உத்தரவிட்டார்.

"ரைட் இன்டு த டேங்க்!"

முதலியார் பல்லக்குத் தூக்குகிறவர்களிடம் திரும்பினார். "அப்பா, குளத்துக்குள்ளேயே இறங்கச் சொல்கிறார் மகாராஜா."

இறங்கினார்கள். முழங்கால், இடுப்பு, அப்புறம் பல்லக்கு மெத்தை. பட்டு வேட்டி நனைந்தது, ராஜாவின் வாயில் தாமரை இலை ஒட்டியது.

"முதலியார்! என்ன இது?"

"மகாராஜா வாக்கு. அதில் பிழை ஏது? அப்படியே நிறைவேற்றினோம்."

ராஜா பல்லைக் கடித்தார். நான் தப்பாகச் சொன்னேன் என்று அவராலும் சொல்ல முடியாது, வழக்கம் அப்படி. இலையைத் துப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஆமாம், வேறு யாராவது ஒருத்தர் கரையோரம் மட்டும் போக நினைத்தால் என்ன சொல்வார்?"

"வேறு ஒருத்தரா? அவர் 'ஜஸ்ட் பிஸைட் த டேங்க்' என்பார் மகாராஜா. குளத்துக்குச் சற்றுப் பக்கத்தில்."

மறுநாள் மத்தியானம் நல்ல பசி. சமையல்கட்டுப் பக்கம் நெய் மணத்தது. துரைமார் வாயில் அடிக்கடி கேட்ட 'ஃபார்' நினைவுக்கு வர, ராஜா அதையும் எடுத்துவிட்டார். "ஃபார் ஃப்ரம் த கிச்சன்!"

"சமையல்கட்டை விட்டு வெகுதூரம் போகணுமாம்" என்றார் முதலியார். போனார்கள். நெய் மணம் போயிற்று, தெரு போயிற்று, சமஸ்தானத்து எல்லைக்கல்லே வந்துவிட்டது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அந்த வேறு ஒருத்தருக்குப் பசித்தால்?" என்றார் பரிதாபமாக.

குளமும் பசியும் சொல்லிக்கொடுத்தால் எந்த ராஜாவுக்குத்தான் படிப்பு வராது? மாதம் முடிவதற்குள் ராஜா போக நினைத்த இடத்துக்கே பல்லக்குப் போய்ச் சேர்ந்தது.

கலெக்டர் துரை வந்தார். முதலியார் வாயைப் பொத்தி நின்றார். ராஜா கையை நீட்டி, குளத்துக்குச் சற்றுப் பின்னால் கோயில் இருக்கிறது, கோட்டை வாசலுக்குச் சற்று உள்ளே பழைய பீரங்கி இருக்கிறது என்று அளந்து அளந்து இங்கிலீஷில் சொன்னார். துரை சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிப் பாராட்டிவிட்டுப் போனார்.

தளவாய் விடுவாரா? சபை கூடியதும் குதித்தார்.

"மகாராஜா! போன மாதம் இல்லாத இங்கிலீஷ் இந்த மாதம் எப்படி வந்தது? முதலியார் தங்களைத் திருத்தியிருக்கிறார்! வழக்கத்தை மீறிவிட்டார்! கழுதை வாசலில் நிற்கிறது, ஏற்றச் சொல்லுங்கள்!"

ராஜாவின் முகம் கறுத்தது. முதலியார் எழுந்து வணங்கினார்.

"தளவாய் சொல்வது ஞாயம்தான். ஆனால் பிழை இருந்தால்தானே திருத்தமுடியும்? தளவாய் அவர்களே, மகாராஜா வாக்கில் தாங்கள் கண்ட பிழை எது? இந்தச் சபையில் சொல்லுங்கள். கேட்டுவிட்டு நானே போய்க் கழுதைமேல் ஏறிக்கொள்கிறேன்."

தளவாய் வாசலைப் பார்த்தார். கை தானாகத் தலைமுடியைத் தடவிப் பார்த்தது.

"பிழையா? நானா? ஒன்றும் இல்லையே!" என்று உட்கார்ந்துவிட்டார்.

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "முதலியார்! இந்தாரும் பட்டுச் சால்வை. இன்னொரு வெகுமதியும் உண்டு. இனிமேல் என் பேச்சில் பிழை கண்டால், சபையிலேயே எழுந்து சொல்லும் உரிமையை உமக்கு மட்டும் தருகிறேன்!"

சால்வையை முதலியார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ராஜாவின் வீம்பு அவருக்குத் தெரியாதா?

"சால்வை போதும் மகாராஜா. அந்த உரிமை மிகப் பெரிய கௌரவம், அடியேனுக்குத் தாங்காது. தளவாய்க்கே கொடுத்துவிடுங்கள்."

"கொடுத்தேன்!" என்று சிரித்தார் ராஜா, கண்ணில் நீர் வரும்வரை.

அதன் பிறகு ராஜா இங்கிலீஷில் வாயைத் திறந்தாலே போதும், தளவாய்க்கு எங்கேயோ அவசர வேலை வந்துவிடுமாம்.