மெதுவாக நடப்பவர் முன்னால்

மொட்டை முகடு என்றொரு மலை. அதன் அடிவாரத்தில் ஓர் ஓடை. ஓடைக்கரைப் புதரில் ஒரு முயல் இருந்தது. அதன் பெயர் துடியன். பெயருக்கு ஏற்ற முயல்தான். ஓர் இடத்தில் சும்மா உட்காரச் சொன்னால் அதற்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

மழைக்காலம் முடிந்த சமயம். ஓடையில் தண்ணீர் குடிக்க இறங்கிய கழுகு ஒரு செய்தி சொன்னது.

"மொட்டை முகட்டு உச்சியில நின்னு பார்த்தா கடல் தெரியும்!"

கடல்! துடியன் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் அந்த ஓடைதான். அன்றிலிருந்து அதற்குப் புல் தொண்டையில் இறங்கவில்லை. கடலைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கடமான் கொம்பையாவிடம் ஓடியது. அந்தக் காட்டில் உச்சிவரை போய்வந்தது கொம்பையா மட்டும்தான்.

"அண்ணே, என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கண்ணே!"

"போகலாம் தம்பி. ஆனா விடிஞ்சதும் ஏறணும், இருட்டுறதுக்குள்ள இறங்கி ஓடையைத் தாண்டிடணும். பொழுது சாய்ஞ்சா மலைப்பக்கத்துக் கரைக்குச் சிறுத்தை தண்ணி குடிக்க வரும். தாகம் மட்டும் இருந்தாப் பரவாயில்ல. அதுக்குப் பசியும் இருக்கும்!"

ஓடைக்கு இந்தப் பக்கம் யானைக்கூட்டம் மேயும். அதனால் சிறுத்தை ஓடையைத் தாண்டி வருவதில்லை. தாண்டிவிட்டால் பயமில்லை. தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

செய்தி பரவியது. மலையணில் செம்பி, "நான் இல்லாமலா?" என்று கிளையிலிருந்து குதித்து வந்தது. அதன் பின்னால், யாரும் எதிர்பாராத ஓர் ஆள் வந்து நின்றது. எறும்புத்தின்னி செதிலி!

உடம்பு முழுக்கக் கெட்டிச் செதில். குட்டைக் கால்கள். பகலெல்லாம் வளைக்குள் சுருண்டு தூங்கிவிட்டு, இரவில் எறும்பும் கரையானும் தேடித் தின்கிற பிராணி அது.

"செதிலி அக்கா, நீங்களா மலை ஏறப்போறீங்க?" என்று துடியன் வாயைப் பிளந்தது.

"ஆமா தம்பி. பொறந்ததுலேருந்து தரையைப் பார்த்தே நடந்துட்டேன். தூரத்துல இருக்கிற ஒண்ணை ஒரு தடவையாவது பார்க்கணும்னு ஆசை. ஒரு நாள் தூக்கம் போனாப் போகட்டும்!"

விடிந்தது. ஓடையின் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தின்மேல் நடந்து நால்வரும் மலைப்பக்கம் வந்தார்கள். கொம்பையா எல்லோரையும் நிறுத்தியது.

"மலை ஏறும்போது என் கூட்டத்துல ஒரே ஒரு ஒழுங்குதான். மெதுவா நடக்கிறவர் முன்னால, வேகமா நடக்கிறவர் கடைசி. அப்பத்தான் யாரும் தனியா விடுபட மாட்டாங்க. செதிலி, நீ முன்னால போ. துடியா, நீ கடைசி."

"கடைசியா? நானா?" துடியனின் காதுகள் இரண்டும் விறைத்து நின்றன. "அக்கா முன்னால நடந்தா நாம எப்பண்ணே போய்ச் சேர்றது?"

"எல்லாரும் சேர்ந்து போய்ச் சேர்றதுதான் போய்ச் சேர்றது" என்றது கொம்பையா.

முதலில் அடர்ந்த சோலை. இலைச்சருகெல்லாம் நனைந்து கிடந்தது. அட்டைகள் கொம்பையாவின் கால்களில் ஏறின. செம்பி மரத்துக்கு மரம் தாவி வந்தது. செதிலி பின்னங்கால்களை ஊன்றி, நகங்களை மடக்கி, தலையை ஆட்டி ஆட்டி நடந்தது. நடந்ததா? ஓர் எறும்புப்புற்று கண்ணில் பட்டதும் நின்றுவிட்டது.

"ஒரே ஒரு வாய்!" என்று நாக்கை நீட்டியது. நாக்கு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பிறகு திரும்பி வந்தது.

துடியன் பல்லைக் கடித்துக்கொண்டது. அடுத்த வளைவில் இன்னொரு புற்று. "ஒரே ஒரு வாய்!" அதற்கடுத்து ஒரு கரையான் பிடித்த கட்டை. "இது வேற ருசி தம்பி!"

சோலை முடிந்து புல்சரிவு வந்தது. மரம் இல்லாத இடத்தில் செம்பிக்கு நடக்கத் தெரியவில்லை. கொம்பையாவின் கொம்பில் ஏறி, ஏதோ பல்லக்கில் போவதுபோல உட்கார்ந்துகொண்டது. மேலே உச்சிப்பாறை பளிச்சென்று தெரிந்தது. துடியனின் பின்னங்கால்கள் துடித்தன. செதிலியோ மறுபடி நின்றது.

"ஒரே ஒரு..."

"அக்கா! நீங்க தின்னு முடிக்கிறதுக்குள்ள கடல் வத்திடும்! நடக்க முடியாதவங்க வளையிலயே படுத்துத் தூங்க வேண்டியதுதானே!"

சொல்லிவிட்டு ஒரே பாய்ச்சல்! வரிசையைத் தாண்டி, கொம்பையா "துடியா!" என்று கூப்பிட்டது காதில் விழாததுபோல, புல்லைக் கிழித்துக்கொண்டு மேலே ஓடியது. ஏற்றத்தில் முயலை யார் பிடிக்க முடியும்? நீண்ட பின்னங்கால்கள் உந்தித் தள்ள, மலையே கீழே வழுக்கிப் போவதுபோல இருந்தது அதற்கு.

உச்சிக்கு முதலில் வந்தது துடியன்தான்.

"நான்தான் முதல்!" என்று கத்தியது.

பதில் சொல்ல யாரும் இல்லை. கடலும் இல்லை. அதற்குள் நாலு பக்கமும் வெள்ளை மேகம் சூழ்ந்திருந்தது. தன் மீசை நுனிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குளிர்காற்று காதுக்குள் புகுந்தது. துடியன் ஒரு கல்லின் மறைவில் ஒடுங்கி உட்கார்ந்தது. முதலில் வந்ததை யாரிடமாவது பீற்றிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் ஆள் வேண்டுமே!

உச்சிப்பொழுது தாண்டி, மூச்சு வாங்க வாங்க மற்றவர்கள் வந்தார்கள்.

"இங்க ஒண்ணும் இல்ல. கழுகு நம்மள நல்லா ஏமாத்திடுச்சு. வாங்க, இறங்கலாம்" என்றது துடியன்.

செதிலி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தது. "வந்தது வந்தாச்சு. கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேனே" என்றது.

அதற்காக எல்லோரும் உட்கார்ந்தார்கள். துடியனும் வேறு வழியின்றி உட்கார்ந்தது. அப்போது காற்று திரும்பியது. மேகம் மெல்லக் கிழிந்தது. கீழே காடு, காட்டுக்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் வானத்தின் அடியில் வெள்ளிக் கோடாக மின்னிக்கொண்டு... கடல்!

"அடேயப்பா!" என்றது செம்பி. செதிலியின் சின்னக் கண்களில் நீர் வழிந்தது.

"எறும்பு நடக்கிற தூரம்தான் உலகம்னு நினைச்சிருந்தேனே! கொம்பையா, வழி காட்டினதுக்கு உனக்குப் புண்ணியம். செம்பி, பேசிப் பேசிக் கால்வலி தெரியாமப் பண்ணினே, நீ நல்லா இருக்கணும்." பிறகு முயலின் பக்கம் திரும்பியது. "துடியா, உனக்கும்தான்."

"எனக்கா? நான் என்னக்கா பண்ணினேன்?"

"புல்லு என் தலைக்கு மேல வளர்ந்திருந்துச்சு. நீ ஓடின தடத்துல புல்லு சாய்ஞ்சு கிடந்ததாலதான் நான் சுலபமா ஏறினேன்."

துடியனுக்குத் திட்டு வாங்கத் தெரியும். தான் திட்டியவரிடமே நன்றி வாங்க அதற்குத் தெரியவில்லை. காதுகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடலையே பார்த்தது. தான் மட்டும் அவசரப்பட்டு இறங்கியிருந்தால் அந்தக் கடலைப் பார்த்தே இருக்க முடியாது என்பது அதற்கு அப்போது உறைத்தது.

"கிளம்புங்க. பொழுது சாயுது" என்றது கொம்பையா.

உறைத்தது உறைத்தபடி இருக்க, கால் பழைய பழக்கத்தை விடுமா? துடியன் முன்னால் தாவியது. தாவியதும் பின்பக்கம் தலைக்குமேல் வந்தது, குப்புற ஒரு கரணம்! எழுந்து மறுபடி தாவியது. இன்னொரு கரணம்! மூன்றாவது முறை பாசி பிடித்த பாறையில் விழுந்து சறுக்கியது. பாறையின் விளிம்பில் ஒரு கொத்துப் புல் இல்லாவிட்டால் நம் கதை இங்கேயே முடிந்திருக்கும். அந்தப் புல்லைப் பற்றிக்கொண்டு துடியன் தொங்கியது. கீழே எட்டிப் பார்த்தது. பார்த்திருக்க வேண்டாம்.

கொம்பையாவின் குளம்பு அந்தப் பாறையில் நிற்காது. செம்பிக்கு முயலை இழுக்கும் பலமில்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. 'எனக்காக ஏன் நிற்கப்போகிறார்கள்? காலையில் நான் நின்றேனா?' என்று துடியன் நினைத்தது. நடக்க முடியாதவர்கள் படுத்துத் தூங்க வேண்டியதுதானே என்று சொன்ன வாய் உலர்ந்துபோனது.

மேலே கறக் கறக் என்று ஒரு சத்தம். செதிலி தன் கூரிய நகங்களைப் பாறை இடுக்குகளில் ஊன்றி ஊன்றி இறங்கி வந்தது. நின்று, திரும்பி, நீளமான வாலை நீட்டியது.

"வாலைக் கடிச்சுப் பிடிச்சுக்க தம்பி! விட்டுடாதே!"

துடியன் கவ்வியது. செதிலி ஓர் அடி, இன்னோர் அடி என்று இழுத்து மேலே கொண்டுவந்து சேர்த்தது.

கொம்பையா முயலை முகர்ந்து பார்த்தது. "எலும்பு முறியல, சிராய்ப்புதான். உனக்குப் பின்னங்கால் நீளம், முன்னங்கால் குட்டை. ஏத்தத்துக்கு அது வரம். இறக்கத்துல அதே காலு உன்னைத் தூக்கிப் போட்டுடும். மெதுவாத்தான் இறங்கணும்." பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னது, "நம்ம ஒழுங்கு ஞாபகம் இருக்கில்ல? மெதுவா நடக்கிறவர் முன்னால!"

எல்லோரும் துடியனைப் பார்த்தார்கள்.

"வாங்க சார், முன்னால வாங்க!" என்றது செம்பி. எல்லோரும் சிரித்தார்கள். துடியனுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"பயப்படாதே. நான் உனக்கு ஒரு படி கீழே நடக்கிறேன். என் முதுகுல கை வச்சுக்க" என்றது செதிலி.

காலையில் யாருடைய முதுகைப் பார்த்து எரிச்சல் பட்டதோ, அதே முதுகில் துடியன் முன்னங்கால்களை ஊன்றியது. செதிலி நகத்தால் மண்ணைக் கொத்திப் படி செய்துகொண்டே இறங்கியது. துடியன் அடிமேல் அடி வைத்தது. பின்னால் கொம்பையா, கொம்பில் செம்பி. ஒருவரும் "சீக்கிரம்" என்று சொல்லவில்லை. சூரியன் மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

வழியில் காலையில் பார்த்த புற்றுகள் வந்தன. செதிலி ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் வயிறு இரைவது முதுகில் கைவைத்திருந்த துடியனுக்குத் தெரிந்தது. 'ஐயோ, ஒரே ஒரு வாய்க்கு நான் எவ்வளவு கோபப்பட்டேன்!' என்று அதற்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சோலை முடிந்து தரை சமமானபோது வெளிச்சம் மங்கிவிட்டது. ஓடை இன்னும் கொஞ்ச தூரம். சமதரையில் துடியன் மறுபடி பழைய துடியன்தான்! நான்கு பாய்ச்சலில் ஓடையைத் தாண்டித் தன் புதருக்குள் புகுந்துவிடலாம். செதிலிக்கோ காலில் வலு இல்லை. தூக்கம் வேறு கண்ணைச் சொருகியது.

துடியன் பாயவில்லை. ஒதுங்கி வழிவிட்டது.

"அக்கா, இப்ப நீங்கதான் மெதுவா நடக்கிறவங்க. முன்னால போங்க. நான் கடைசியா வர்றேன்."

கொம்பையா தலையை ஒருமுறை அசைத்தது.

வரிசை நகர்ந்து ஓடைக்கரையை நெருங்கியது. கடைசியில் துடியன், காதுகளைப் பின்னால் திருப்பிவைத்துக்கொண்டு. திடீரென்று சருகில் மிக மெல்லிய சரசரப்பு. மற்ற யாருக்கும் கேட்கவில்லை. முயலின் காதுக்குக் கேட்டது.

தட்! தட்! தட்! துடியன் பின்னங்காலால் தரையை அறைந்தது. "சிறுத்தை! நடங்க! மரத்துமேல ஏறுங்க!"

செதிலி விழுந்தடித்து ஓடையின் குறுக்கே கிடந்த மரத்தின்மேல் ஏறியது. கொம்பையா கொம்பில் செம்பியோடு தாவித் தண்ணீரில் இறங்கி மறுகரை ஏறியது. செதிலி மரத்தின் மறுமுனையை அடையும்வரை துடியன் இந்த முனையிலேயே நின்று, காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தது. புதர் விலகியது. இரண்டு பச்சைக் கண்கள்! அப்போதுதான் துடியன் பாய்ந்தது. நாலே பாய்ச்சல்!

அந்தக் கரையில் சிறுத்தை வந்து நின்றது. இந்தக் கரையில் ஒரு யானை பிளிறியது. சிறுத்தை தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

மூச்சு அடங்கியதும் எல்லோரும் அவரவர் இடத்துக்குக் கிளம்பினார்கள். துடியன் மட்டும் செதிலியின் பின்னாலேயே போனது.

"அக்கா, என் புதருக்குப் பக்கத்துல பெரிய புற்று ஒண்ணு இருக்கு. வாங்க. பசியோட போகக் கூடாது."

"எனக்கு ரொம்ப நேரம் ஆகுமே தம்பி."

"ஆகட்டும்க்கா. இன்னைக்கு நீங்க இல்லன்னா என் நேரமே முடிஞ்சிருக்கும். ஒரு வாய் இல்ல, வயிறு நிறையச் சாப்பிடுங்க. நான் நிக்கிறேன்!"

செதிலி நாக்கை நீட்டியது. ஓர் இடத்தில் நிற்கவே தெரியாத துடியன், அது தின்று முடிக்கும்வரை அசையாமல் பக்கத்தில் நின்றது. உடம்பில் ஓர் இடத்திலும் அரிப்பே எடுக்கவில்லை.

ஏற்றத்தில் முந்துகிறவர் இறக்கத்தில் பிந்தக்கூடும். ஆகவே மெதுவாக வருகிறவருக்காகக் காத்திருங்கள், உங்களுக்காகக் காத்திருந்தவரை ஒருநாளும் மறவாதீர்கள்.