முதல் ‘ஒன்ஸ் மோர்’ யாருக்கு?

ரஸ்டி ரிக்‌ஷாஸ் என்ற ராக் இசைக்குழுவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் உலகத்தில் ஏராளம். பெரம்பூரில் மட்டும் ஒருத்தர்கூட இல்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாக நாலு பேர் மேடையேறி அந்த வட்டாரத்துக் காதுகளை ஒரு வழி பண்ணியிருக்கிறார்கள். பாடியதெல்லாம் இங்கிலீஷில். அதில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரிந்ததில்லை, அதனால் இதுவரை யாரும் குறை சொன்னதும் இல்லை. இப்போது நாலு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் தோள்வரை புரண்ட முடியை ஆட்டி ஆட்டிப் பாடியவர்கள். முடி போய்விட்டது, ஆட்டம் மட்டும் கைகளுக்கு இறங்கி வந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் கடைசிக் கச்சேரி என்று அறிவித்துவிட்டார்கள்.

ரிக்‌ஷாக்காரர்களுக்கு, ரசிகர்கள் அவர்களைச் செல்லமாக அப்படித்தான் சொல்வார்கள், ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். கூட்டத்திலிருந்து யாராவது “ஒன்ஸ் மோர்!” என்று கத்தினால்தான் திரும்பி வந்து, இருப்பதிலேயே பெரிய பாட்டை வாசிப்பார்கள். கத்தாவிட்டால் வரமாட்டார்கள். அவ்வளவு ரோஷம். முன்பெல்லாம் மைதானமே சேர்ந்து கத்தும். இப்போது பாடகர் டெரன்ஸின் காதுக்கு முன்வரிசையைத் தாண்டி எதுவும் எட்டுவதில்லை. ஆகவே முதல் ஒன்ஸ் மோர் முன்வரிசையிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்த முன்வரிசையை டெரன்ஸின் இதய டாக்டர், கிட்டார்க்காரரின் எலும்பு டாக்டர், டிரம்ஸ் பென்னியின் சர்க்கரை டாக்டர் எல்லாரும் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டார்கள். ரசிகர் மன்றத்துக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு நாற்காலி.

அந்த நாற்காலி தனக்குத்தான் என்று தனசிங் முடிவு பண்ணிவிட்டார். சைக்கிள் உதிரிபாகக் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ரிக்‌ஷா கதை சொல்வதுதான் இப்போது அவர் தொழில். டயர் வாங்க வந்தவர்கள் கதைக்குப் பயந்து நடந்தே போவதாக ஏரியாவில் பேச்சு. ஆனால் அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. அவர் கத்த வேண்டும், அதைக் கேட்டு டெரன்ஸ் திரும்பி வர வேண்டும். எத்தனையோ கச்சேரி பார்த்தும் ஒவ்வொரு தடவையும் வேறு எவனாவது முந்திக்கொண்டான். இதையும் விட்டால் இனிமேல் இல்லை.

நாற்காலி யாருக்கு என்று முடிவு பண்ண, சனிக்கிழமை சாயங்காலம் பேக்கரியின் பின்பக்கம் மன்றம் கூடியது. மன்றத் தலைவி ஃபிலோமினா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் பேசியதையெல்லாம் கேட்டுக் கேட்டு, எதற்கும் முகம் மாறாத பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. வயதில் பெரியவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயம்தான் காரணம்.

“அவங்கவங்க பார்த்த கச்சேரிய சொல்லுங்க. யாருக்குக் குடுக்கலாம்னு நான் சொல்றேன். சண்ட போட்டா நாற்காலி எனக்கு” என்றார் ஃபிலோமினா.

நாற்காலி கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். தனசிங், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோதண்டம், மட்டன் கடை ரவூஃப். இதில் ரவூஃப் போன மாதம்தான் மன்றத்தில் சேர்ந்தவர் என்பதால் அவரை யாரும் ஒரு ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை.

தனசிங் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எழுவத்தெட்டுல நம்ம ரயில்வே கிரவுண்டு. ஸ்பீக்கர ஆன் பண்ணாங்கோ பாரு, பாட்டு இன்னும் ஆரம்பிக்கல, சும்மா ‘ஹலோ மைக் டெஸ்டிங்’தான். கிரவுண்ட சுத்தி இருந்த தென்னமரத்துல ஒரு காயி மிச்சமில்ல. பொலபொலன்னு கொட்டிச்சு. ஜனங்கோ தேங்கா பொறுக்கிக்கினே பாட்டு கேட்டாங்கோ.”

“இருய்யா” என்றார் கோதண்டம். பேங்கில் கையெழுத்து சரிபார்த்த கண் இன்னும் அப்படியே இருந்தது. “ரயில்வே கிரவுண்டுல ஏதுய்யா தென்னமரம்? நான் பொறந்ததுலேர்ந்து அங்க புல்லே இல்ல.”

“இப்ப இல்ல. அன்னிக்கு இருந்துச்சு. ரெண்டாவது பாட்டுக்கு ஆட ஆரம்பிச்சுதுங்கோ. ஆடிக்கினே கிரவுண்டு கேட்டத் தாண்டிப் போனதுங்கதான், திரும்பி வரல.”

“தென்னமரம் நடந்து போச்சா?”

“நடக்கலய்யா, ஆடிக்கினு போச்சு. மரம் எங்கனா நடக்குமா? படிச்சவன்தானே நீ?”

ஃபிலோமினா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, அடுத்தது என்பதுபோல் கோதண்டத்தைப் பார்த்தார். தென்னமரத்தைக் கேள்வி கேட்ட மனுஷன் இனி உண்மை விளம்பியாகத்தான் பேசுவார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், அவர்கள் ராக் ரசிகர்களைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

“எனக்கு இந்த மரம் மட்டையெல்லாம் சொல்லத் தெரியாது. நடந்தத அப்படியே சொல்றேன்” என்று ஆரம்பித்தார் கோதண்டம். “கிட்டார்க்காரர் ஒரு தடவ தனியா ஒரு சோலோ எடுத்தார். அவர் ஆரம்பிக்கும்போது நான் பேங்க் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுட்டு வந்து உக்காந்திருந்தேன். நடுவுல எழுந்து போய் இன்டர்வியூ குடுத்துட்டு வந்தேன், வாசிச்சுக்கிட்டிருந்தார். வேலையில சேர்ந்தேன், வாசிச்சுக்கிட்டிருந்தார். பொண்ணு பார்க்கப் போனப்ப மாமனார் வீடு வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. அவர் முடிச்சுத் தலைய நிமிர்த்தின அன்னைக்கு எனக்கு புரமோஷன் ஆர்டர் கையில.”

“அவ்ளோ நாளு அந்த ஆளு இன்னாத்த துன்னாரு?” என்றார் தனசிங்.

“ஒரு கையால வாசிச்சார், ஒரு கையால சாப்ட்டார்.”

“கிட்டாருக்கு ரெண்டு கை வேணும்.”

“சாதாரண ஆளுக்கு வேணும்” என்றார் கோதண்டம், துளிகூட வெட்கமில்லாமல்.

பேங்க்காரன் இவ்வளவு நன்றாகப் புளுகுவான் என்று தனசிங் எதிர்பார்க்கவில்லை. நாற்காலி கண்ணெதிரே அந்தப் பக்கம் நகர்வதுபோல் தோன்றவே, தின்றுகொண்டிருந்த பன்னைக் கீழே வைத்தார். இனிமேல் அடக்கி வாசித்தால் கதை ஆகாது.

“எண்பதுல ஒரு கச்சேரி. அவங்கோ ஸ்பீக்கருங்கோ குடிச்ச கரண்டுல இங்கேர்ந்து ஆவடி வரைக்கும் லைட்டு அவுட்டு. மைக் இல்ல, கிட்டார் இல்ல. பென்னி மட்டும் இருட்டுல டிரம்ஸ் அடிச்சான். அடின்னா அப்படி ஒரு அடி. அடிச்ச அடியில டிரம்ல கட்டியிருந்த ஆட்டுத் தோலுக்கு உயிர் வந்துருச்சு. ‘மே’ன்னுச்சு. அப்புறம் துள்ளி எழுந்து, மேடையில ஒட்டியிருந்த போஸ்டரத் துன்னுட்டு எறங்கிப் போயிருச்சு.”

“டிரம்ஸுக்கெல்லாம் பிளாஸ்டிக்குய்யா. ஆட்டுத் தோல் எங்கேர்ந்து வந்துச்சு?” என்று பாய்ந்தார் கோதண்டம்.

“மொத பாட்டுலயே பிளாஸ்டிக் கிழிஞ்சிருச்சு. அவசரத்துக்குத் தோலு கட்டினாங்கோ. நீ அப்போ சோலோ கேட்டுக்கினு பொண்ணு பாக்கப் போயிருந்த, உனக்கு எப்படித் தெரியும்?”

அதுவரை வாய் திறக்காத ரவூஃப் முன்னால் குனிந்தார். “அண்ணே, ஒரு சந்தேகம். வெள்ளாடா, செம்மறியா?”

தனசிங் ஒரு கணம் தடுமாறிவிட்டார். இத்தனை வருஷமாக அந்தக் கதையைச் சொல்கிறார், யாரும் அதைக் கேட்டதில்லை. “வெள்ளாடு” என்றார் மெதுவாக.

“அப்ப சரி. செம்மறின்னா நம்பியிருக்க மாட்டேன். அதுக்கு அவ்வளவு சுறுசுறுப்புக் கிடையாது” என்று ரவூஃப் சாய்ந்து உட்கார்ந்தார். தொழில் தெரிந்தவரே சொல்லிவிட்டார் என்பதால் கோதண்டமும் ஆட்டை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

“பாய், நீங்க சொல்லுங்க” என்றார் ஃபிலோமினா.

“நான் ஒரே ஒரு கச்சேரிக்குத்தான் போயிருக்கேன்க்கா. நல்லா இருந்துச்சு. பாதியில மழ வந்துச்சு. வீட்டுக்கு வந்துட்டேன்.”

எல்லாரும் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். மிச்சம் வரவில்லை.

“அவ்ளோதானா?” என்றார் தனசிங்.

“அவ்வளவுதான்ணே.”

தனசிங்கும் கோதண்டமும் அன்று முதல் தடவையாக ஒரே கட்சி ஆனார்கள். இப்படியும் ஒரு ரசிகன் உண்டா என்று இரண்டு பேருக்கும் ரத்தம் கொதித்தது. “ரிக்‌ஷா வாசிக்கும்போது எப்படிய்யா மழ பெய்யும்? மேகமெல்லாம் ஓரமா நின்னு கேட்டுட்டுத்தானே போகும்?” என்றார் கோதண்டம்.

“பெய்ஞ்சுதுண்ணே. நனைஞ்சேன். ஜுரம் வந்துச்சு.”

“ஜுரம் வந்துச்சாம்! வெளிய சொல்லாத பாய், மன்றத்துக்கே அசிங்கம்” என்று தனசிங் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆக, போட்டி பழையபடி இரண்டு பேருக்கு நடுவில் வந்து நின்றது. அப்போதுதான் கோதண்டம், வைத்திருந்த கடைசிச் சீட்டை இறக்கினார். “அக்கா, கதையெல்லாம் இருக்கட்டும். முதல் ஒன்ஸ் மோருக்கு வேண்டியது குரல். தனசிங்குக்குக் குரல் எங்க இருக்கு? போன வாரம் அவர் கடை வாசல்ல நின்னு ஆட்டோவக் கூப்பிட்டார். ஆட்டோ நிக்கல. பக்கத்துல நின்ன எனக்கே அவர் கூப்பிட்டது தெரியல.”

இது பொய்யில்லை. அதனால்தான் தனசிங்குக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகக் குரல் கம்மிப்போய், வீட்டில் காபி கேட்டால்கூட இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. முன்வரிசை வேண்டும் என்று அவர் துடித்ததற்கே அதுதான் காரணம். அங்கே உட்கார்ந்தால்தான் இருக்கிற குரல் டெரன்ஸுக்கு எட்டும். இதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது அந்த இடத்திலேயே கை வைத்துவிட்டான் பாவி. தனசிங் எழுந்தே நின்றுவிட்டார்.

“யார் குரலப் பத்திப் பேசற? எண்பத்திநாலுல ரிக்‌ஷா பெங்களூர்ல வாசிச்சாங்கோ. தங்கச்சி நிச்சயதார்த்தம், என்னால போக முடியல. பெரம்பூர்ல எங்க வூட்டு மொட்ட மாடியில ஏறி நின்னேன். மேக்கால பாத்து விட்டேன் ஒரு சவுண்டு, ‘ஒன்ஸ் மோர்’னு! அங்க டெரன்ஸ் திரைக்குப் பின்னால தண்ணி குடிச்சிக்கினு இருந்தவரு, டம்ளர வெச்சிட்டு, ‘தனசிங் கூப்பிடறான்டா’ன்னு மேடைக்கு வந்துட்டாரு.”

“பெரம்பூர்லேர்ந்து பெங்களூருக்கு?”

“நேராப் போயிடுச்சுன்னு சொல்லல. ரயில் ரோட்டு மேலயேதான் போச்சு. அரக்கோணத்துல ரெண்டு பேருக்குக் காது அடைச்சுக்கிச்சு. ஜோலார்பேட்டையில டீ விக்கிறவன் ‘ஒன்ஸ் மோர்’னு கேட்டதும், பிளாட்பாரத்துல இருந்த அத்தன பேருக்கும் ரெண்டாவது டீ ஊத்திட்டான். சந்தேகம்னா போய்க் கேளு.”

“அவங்க திரும்பி வந்து வாசிச்சாங்கன்னு உனக்கெப்படித் தெரியும்? நீ மாடியிலதானே இருந்த?” கோதண்டம் விடவில்லை.

“பாட்டு திரும்பி வந்துச்சேய்யா! மாடியிலயே நின்னு முழுசாக் கேட்டேன். காட்பாடியில சிக்னல் கிடைக்காம கொஞ்சம் லேட்டா வந்துச்சு, அவ்ளோதான். அன்னிக்கு நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ள வீட்டுக்காரங்கோ எல்லாரும் கேட்டாங்கோ. பாட்டு நல்லாருக்குன்னு சீர்ல ரெண்டு அயிட்டம் வேணாம்னுட்டாங்கோ.”

மாப்பிள்ளை வீட்டார் சீரைக் குறைத்துக்கொண்டார்கள் என்ற இடத்தில் கோதண்டம் முழுசாகத் தோற்றுப்போனார். அதற்கு மேல் ஒரு புளுகு எந்த மனுஷனாலும் முடியாது. தனசிங் வெற்றியோடு உட்கார்ந்து, கீழே வைத்த பன்னை எடுத்தார். மனசுக்குள் அவர் முன்வரிசைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். பக்கத்தில் இதய டாக்டர், எதிரே திரை.

ஃபிலோமினா டம்ளரை வைத்தார். “தனசிங், இது சத்தியமா?”

“எங்கம்மா மேல சத்தியம்க்கா.”

“அந்தக் குரல் இப்பவும் இருக்கா? கோதண்டம் இல்லங்கறாரே.”

“அன்னிக்கு இருந்ததவிட இப்போ கனம் ஜாஸ்திக்கா. ஆட்டோக்காரன் பயந்துடுவான்னு அடக்கிக் கூப்பிட்டேன், அதான் அவனுக்குக் கேக்கல.”

“அப்ப நல்லதாப் போச்சு” என்று ஃபிலோமினா அந்த நாற்காலிக்கான பாஸை எடுத்து ரவூஃபிடம் நீட்டினார். “பாய், நாளைக்கு நீங்க முன்னால உக்காருங்க. பாதிதானே கேட்டீங்க, மீதியையும் கேட்டுட்டு வாங்க. முடிஞ்சதும் ஒன்ஸ் மோர்னு ஒரு சத்தம் குடுங்க.”

பன் தனசிங்கின் தொண்டையிலேயே நின்றது. “அக்கா… அப்ப நானு?”

“பெங்களூர் வரைக்கும் கேக்கற குரலுக்கு முன்வரிசை எதுக்குப்பா? டெரன்ஸ் பாவம், ஹார்ட் ஆபரேஷன் பண்ணின உடம்பு. அவ்வளவு கிட்டத்துல உக்காந்து நீ கத்தினா கடைசிக் கச்சேரி நிஜமாவே கடைசியாப் போயிடும். நீ உங்க வீட்டு மாடியில நின்னே கத்து. நல்லாக் கேக்கும்.”

கோதண்டம் சிரிக்கக்கூட மறந்து தனசிங்கையே பார்த்தார். ரவூஃபும் பார்த்தார். பாஸை இன்னும் சட்டைப்பையில் வைக்காமல், கொஞ்சம் நீட்டினாற்போலவே கையில் வைத்திருந்தார். “அக்கா, எனக்குக் குரலே இல்ல, பெங்களூர்க் கதை பொய்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது தனசிங்கின் கைக்கு வந்துவிடும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வரவும் வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே ஜோலார்பேட்டையும், காட்பாடியும், ஆடிக்கொண்டே போன தென்னமரங்களும் வரிசையாக வந்து நின்றன. அதில் ஒன்றை எடுத்தாலும் மிச்சம் நிற்காது. நாளைக்குக் கடையில் டயர் வாங்க வருகிறவனிடம் என்ன சொல்வது?

தனசிங் தண்ணீர் குடித்து பன்னை இறக்கினார். கண் கலங்கியிருந்தது. பன் அடைத்ததால் என்று வைத்துக்கொள்ளலாம்.

“சரிக்கா” என்றார், பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டும் கேட்காத குரலில். “வயசானவங்கோ. மாடியிலேர்ந்து மெதுவாவே கத்தறேன்.”