மான்குட்டியை எழுப்பிய சங்கு

ஒரு காட்டில், பகல் முழுவதும் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாத காலம் ஒன்று இருந்தது. புலி உறுமியதாலோ இடி இடித்ததாலோ அல்ல. அந்தக் காட்டுக்கு ஓர் ஆலை வந்துவிட்டது, குழந்தைகளே!

ஆலையைக் கட்டியது ஒரு கரடி. சும்மா இருக்கத் தெரியாத கரடி அது. அருவிக்குக் கீழே பெரிய மரச் சக்கரம் ஒன்றை நிறுத்தியது. மடையைத் திறந்தால் தண்ணீர் பாயும், சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் வரிசையாக நிற்கும் உலக்கைகள் எழுந்து எழுந்து விழுந்து, தினையையும் மூங்கிலரிசியையும் குத்தித் தள்ளும். தொம், தொம், தொம் என்று காடே அதிரும்.

ஆலையால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். பல் போன கிழட்டு முயல்கள்கூட மாவு தின்று மினுமினுவென்று ஆகிவிட்டன. ஆற்றுத்துறை வரைக்கும் மரத் தண்டவாளம் போட்டு வண்டி விட்டார்கள். முதுகு ஒடியச் சுமந்த மூட்டைகள் இப்போது உருண்டு போயின. அக்கரைக் காட்டு உப்பு இக்கரைக்கு வந்து சேர்ந்தது.

பாவம், சூரியனுக்குத்தான் மதிப்புப் போய்விட்டது. எழுவதும் தின்பதும் படுப்பதும் எல்லாம் சங்குப்படி ஆயிற்று.

சங்கு என்றால் கடற்கரையில் பொறுக்குகிற சங்கு இல்லை. அருவியின் பக்கத்தில் நட்டிருந்த பெரிய மூங்கில் குழாயைத்தான் அப்படிச் சொன்னார்கள். மேலே தொங்கும் கொடியை இழுத்தால் குழாய்க்குள் தண்ணீர் கொட்டும். உள்ளே இருந்த காற்று 'கூஊஊ' என்று அலறிக்கொண்டு வெளியே ஓடிவரும். உலக்கைச் சத்தத்தையும் மீறி அது மலை வரைக்கும் கேட்கும். காலையில் ஒரு சங்கு, உச்சியில் ஒரு சங்கு, பொழுது சாய ஒரு சங்கு. காட்டுச் சேவல் கூவினால் யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. அது கோபித்துக்கொண்டு கூவுவதையே விட்டுவிட்டது.

அந்த ஆலையில் வண்டி இழுத்தவள் மருதி என்னும் புள்ளிமான்.

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. தின்னும் புல்லெல்லாம் கருகிப்போயிற்று. மருதிக்கோ பால் குடிக்கும் குட்டி ஒன்று இருந்தது. அரும்பு என்று பேர். தாய் தின்றால்தானே மடியில் பால் சுரக்கும்? ஆலையில் வேலை செய்தால் மாலையில் வயிறாரத் தவிடும் மாவும் கிடைக்கும். அதனால் மருதி நுகத்தடிக்குள் கழுத்தைக் கொடுத்தாள்.

மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேயப் போகும்போது குட்டியை உயரமான புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுப் போவார்கள். சின்னக் குட்டியின் உடம்பில் வாசனையே இருக்காது. அசையாமல் படுத்திருந்தால் நரி மூக்கருகே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தாய் திரும்பி வந்து மெல்லக் கூப்பிடுவாள். அந்தக் குரல் கேட்டால்தான் குட்டி எழும். வேறு எதற்கும் எழாது.

அரும்பு படுத்திருந்தது ஓடைக்கு அப்பால் இருந்த கோரைப்புல் வெளியில். உச்சிச் சங்கு ஊதியதும் மருதி ஓட்டமாய் ஓடி வருவாள். வந்து கூப்பிடுவாள். சாப்பாட்டு வேளையிலும் சக்கரம் நிற்காதே, யாருக்குக் கேட்கும்? தொம் தொம் என்கிற உலக்கைச் சத்தத்தில் அவள் குரல் எங்கேயோ போய்விடும். புல்லெல்லாம் சுற்றித் தேடிக் குட்டியைக் கண்டுபிடித்து, அது இரண்டு வாய் குடிப்பதற்குள் வேலைக்குத் திரும்பும் நேரம் வந்துவிடும். பசி அடங்காத குட்டியைப் படுக்க வைத்துவிட்டுப் போகும்போது மருதிக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருக்கும்.

ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அரும்பு கண்ணு, உச்சியில சங்கு ஊதுது பாரு, அது உனக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதும்மா. காதே வலிக்குது."

"இனிமே அந்தச் சங்குதான் அம்மா கூப்பிடுறதுன்னு வெச்சுக்கோ. அது ஊதுனதும் எந்திரிச்சுப் புல்மேட்டுக்கு ஓடி வந்துரு. அம்மா அங்க நிப்பேன்."

மறுநாளே அது பலித்தது. சங்கு ஊதியது, அரும்பு மேட்டில் வந்து நின்றது, மருதி நேராக அங்கே போனாள். தேடுகிற வேலையே இல்லை. குட்டி வயிறு முட்டக் குடித்தது. "கெட்டிக்காரி!" என்று ஆலையில் எல்லோரும் மெச்சினார்கள். மருதிக்கும் பெருமை தாங்கவில்லை. நாளாக ஆக, அவள் குட்டியைக் கூப்பிடுவதே நின்றுபோயிற்று.

இதையெல்லாம் ஓடைப் புதரிலிருந்து ஒரு நரி பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோரைவெளியை எத்தனையோ முறை முகர்ந்து முகர்ந்து ஏமாந்த நரி அது. 'அட, சங்கு ஊதினால் விருந்து தானாக எழுந்து வருகிறதே!' என்று அது நாக்கைச் சப்புக்கொட்டியது.

சங்குக் கொடி இருந்தது ஒரு குரங்கின் பொறுப்பில். யாராவது புகழ்ந்தால் போதும், அந்தக் குரங்குக்குத் தலைகால் புரியாது. ஒருநாள் காலை வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில், நரி அதன் மரத்தடிக்குப் போய், தாழ்ந்த கிளையில் இருந்த அதன் காதோடு வாயை வைத்துப் பேசியது.

"மாமா, காட்டையே ஆட்டிவெக்கிறது நீங்கதான்னு பேசிக்கிறாங்க. நெசமா?"

"பின்னே! நான் கொடியை இழுக்கலேன்னா ஒருத்தனும் வாயில கவளம் வெக்க முடியாது," என்றது குரங்கு.

"அப்படியா? ஆனா, கரடி சொல்ற நேரத்துக்குத்தானே இழுக்கிறீங்க? நீங்களா நெனச்ச நேரத்துல இழுக்க உங்களால முடியாதாமே?"

குரங்குக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னது? இப்பவே இழுத்துக் காட்டவா?"

"அவசரப்படாதீங்க மாமா. நான் அந்தப் புல்மேட்டுல போய் நிக்கிறேன். வாலைத் தூக்குனதும் இழுங்க. அங்க வரைக்கும் கேட்டுச்சுன்னா, இந்தக் காட்டுக்கு ராசா நீங்கதான்னு நானே ஊரெல்லாம் சொல்லிட்டு வரேன்."

குரங்கு கொடியைப் பிடித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தது. நரி மெல்ல நடந்து மேட்டில் ஏறி வாலைத் தூக்கியது.

"கூஊஊ!"

மருதி அப்போது ஆலை வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். சங்கு கேட்டதும் வழக்கம்போல அவள் மடியில் பால் இறங்கியது. மற்றவர்கள் போட்டது போட்டபடி சாப்பிடக் கிளம்பினார்கள். யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. மருதி மட்டும் தரையைப் பார்த்தாள். மரங்களின் நிழல் இன்னும் நீளமாகக் கிடந்தது.

'உச்சி ஆகலையே' என்று நினைத்துக்கொண்டே கோரைவெளிப் பக்கம் திரும்பினாள். புல்மேட்டில் நரி நின்றுகொண்டிருந்தது. கீழே, கோரைப்புல் ஒரு கோடாக விலகி விலகி மேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஓடுவது யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமா?

"அரும்பு, படுத்துக்கோ!" என்று கத்தினாள். உலக்கைச் சத்தத்தில் அது அவள் காதிலேயே விழவில்லை. ஓடிப் போகலாம்தான். சரிவு இறங்கி, ஓடையைத் தாண்டி, மேடேறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மடையருகே ஒரு காட்டெருது காவல் நின்றது. முதலாளி சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. அப்படி ஒரு சாது. மருதி பாய்ந்து போய் அதன் காதில் வாயை வைத்தாள்.

"அண்ணா, மடையை அடைங்க!"

"அடைக்கிறதா? மொதலாளி ஒண்ணும் சொல்லலியே தாயி."

"என் குட்டி எந்திரிச்சிருச்சுங்கண்ணா! இந்தச் சத்தத்துல நான் கூப்பிட்டா அதுக்குக் கேக்காது. அங்க பாருங்க, நரி நிக்குது!"

எருது பார்த்தது. விலகிக்கொண்டே போகிற புல்லையும் பார்த்தது. மேட்டில் பதுங்கிய நரியையும் பார்த்தது. அதன் வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் உத்தரவு கொடுக்காமல், மடைப்பலகையில் நெற்றியை முட்டி ஒரே தள்ளாகத் தள்ளியது.

தொம்... தொம்... தொம். அவ்வளவுதான். சக்கரம் நின்றது. ஆலை கட்டிய நாளிலிருந்து பகலில் யாரும் கேட்டிராத ஓடையின் சலசலப்பு கேட்டது.

மருதி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. எத்தனை நாளாயிற்று, குட்டியைக் கூப்பிட்டு! அதற்கு இந்தக் குரல் நினைவிருக்குமோ, மறந்திருக்குமோ? சங்குதான் அம்மா என்று சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே? கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருந்த உயிரையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள்.

"அரும்பூ! படுத்துக்கோடா கண்ணு!"

புல்லில் ஓடிய கோடு நின்றது.

அடுத்த நொடி, விலகியிருந்த கோரை மூடிக்கொண்டது. நரி பாய்ந்து வந்தது. இங்கே குதித்தது, அங்கே குதித்தது, முகர்ந்தது, சுற்றிச் சுற்றி வந்தது. புல்லைத் தவிர அதற்கு எதுவும் கிடைக்கவில்லை. அதற்குள் எருது போட்ட முக்காரத்தில் காடு கிடுகிடுத்தது. எருது கொம்பைத் தாழ்த்திக்கொண்டு சரிவில் இறங்குவதைப் பார்த்ததும், நரி வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தது.

மருதி நுரை தள்ள ஓடி வந்து கோரைக்குள் நின்றாள். மெல்ல, பழையபடி, கூப்பிட்டாள். அவள் காலடியிலேயே புல் அசைந்தது. இரண்டு ஈரக் கண்கள் எட்டிப் பார்த்தன.

"அம்மா, சங்கு ஊதுச்சும்மா. நீ வரவே இல்ல."

"அது அம்மா இல்லடா கண்ணு. அம்மா தப்பாச் சொல்லிட்டேன்," என்று மருதி குட்டியை நக்கி நக்கிக் கொடுத்தாள். உடம்பு நடுங்குவது குட்டிக்கா தாய்க்கா என்று சொல்ல முடியாது.

சக்கரம் நின்ற கோபத்தில் கரடி தடதடவென்று மடைக்கு ஓடிவந்தது. எருதும் அதற்குள் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"எவன்டா ஆலையை நிறுத்துனது?"

"நாந்தானுங்க மொதலாளி," என்றது எருது, தலையைக் குனியாமல்.

கரடி கத்துவதற்கு வாயைத் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. ஆலைச் சத்தம் ஓய்ந்திருந்த அந்த நேரத்தில், அதன் காதில் வேறு ஏதோ விழுந்தது. புதருக்குள் காட்டுக்கோழி ஒன்று 'கொக் கொக்' என்று குஞ்சுகளைத் தேடியது. புற்றோரம் கீரி கூப்பிட்டது. வளைவாசலில் முயல் தரையைத் தட்டியது. மரத்தில் அணில், ஓடையில் நீர்நாய், எங்கோ தூரத்தில் பெண் யானை. ஆலையில் வேலை செய்கிற தாய்மார்கள் எல்லோரும், குரல் கேட்கும் என்று தெரிந்ததும், ஆளாளுக்குத் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளும் அங்கங்கே இருந்து பதில் குரல் கொடுத்தார்கள்.

கரடி எருதின் பக்கம் திரும்பியது. "இவ்வளவு பேரா இத்தனை நாளும் கூப்பிட்டுட்டே இருந்தாங்க?" என்று கேட்டது.

"எனக்கும் இன்னிக்குத்தானுங்க தெரியும்," என்றது எருது.

கரடி தொப்பென்று கரையில் உட்கார்ந்தது. "இப்ப மடையைத் தொறக்காதே. எல்லாரும் கூப்பிட்டு முடிக்கட்டும். இனி தினமும் உச்சிச் சங்கு ஊதுனதும் மடையை அடைச்சிரு."

குரங்கு மரத்திலிருந்து இறங்கி, முகத்தைக் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு எருதின் பின்னால் ஒளிந்து நின்றது.

மறுநாள் உச்சியில் சங்கு அலறியது. கோரைப்புல்லுக்குள் அரும்பின் காதுகள் விடைத்தன. கால்கள் எழத் துடித்தன. வயிற்றிலோ அப்படி ஒரு பசி. ஆனாலும் அது அசையவில்லை. உலக்கைகள் ஓய்ந்தன. ஓடைக்கு அப்பாலிருந்து, கரகரத்த ஒரு மெல்லிய குரல் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. அப்போதுதான் குட்டி எழுந்து ஓடியது.

நீதி: உழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம், அன்பின் அழைப்பை அதனிடம் ஒப்படைக்கலாகாது.