இரண்டரை விரல்

பொருநையாற்றின் தென்கரையில் ஒரு சிறு மடம் இருந்தது. பச்சை உடுத்திச் செந்தூருக்கு நடந்து செல்லும் அடியார்களுக்குச் சோறிடுவதே அங்கே வழிபாடு. மடத்தின் தலைவர் சைலப்ப அடிகள். அவருக்கு வயது நாற்பது. அவரைக் குருவாகக் கொண்டு வந்து சேர்ந்த குற்றாலலிங்கத்துக்கு அறுபத்திரண்டு.

லிங்கம் முப்பது ஆண்டுகள் கத்திகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. துறவு மனம் வந்தபோது அனைத்தையும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, கத்தி சுற்றிய பட்டுத் துணி ஒன்றில் மாற்று வேட்டியை முடிந்துகொண்டு மடத்துக்கு வந்தார். கை வெறுமையாயிற்று என்று மகிழ்ந்தார். கண் வெறுமையாகவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

வந்த ஐந்தாம் நாள், நீர்க்குடம் வைப்பதற்காகச் சமையற்கட்டுக்குள் போனார். மடத்தின் சமையற்காரரைத் தவசிப்பிள்ளை என்று அழைப்பது அங்கே வழக்கம். தவசிப்பிள்ளை ஆவுடையப்பன் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். லிங்கத்தின் கண் காயின் மேல் விழவில்லை.

"பிள்ளை, அந்தக் கத்தியைச் சற்றுக் காட்டுங்கள்."

ஆவுடையப்பன் கத்தியைக் கழுவித் தரையில் வைத்தார். லிங்கம் எடுத்தார். பிடியும் அலகும் சேரும் இடத்தை ஒரு விரலின் மேல் வைத்தார். கத்தி ஆடி, நின்றது. நகத்தால் சுண்டிக் காதருகே கொண்டுபோனார். பிறகு வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா, மாப்பிள்ளை பாக்கிற மாதிரி பாக்கிய?"

லிங்கம், சேகரிப்போர் செய்வது போல் பிடி முன்னே இருக்கும்படி கத்தியைக் கைக்கு நேராக நீட்டினார். ஆவுடையப்பன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கீழ வையுங்க ஐயா. கத்திய கைக்குக் கை வாங்கப்படாது. நமக்குள்ள இருக்கிற உறவு அறுந்துரும்."

லிங்கம் தரையில் வைத்தார். வைத்த பிறகும் விரல்கள் சற்று நேரம் அதன் மேலேயே இருந்தன.

அன்று மாலை அவர் அடிகளின் முன் அமர்ந்தார்.

"சாமி, சமையற்கட்டில் ஒரு கத்தி இருக்கிறது."

"இருக்கத்தானே வேண்டும்?"

"அது வெறும் கத்தியல்ல. அலகில் மெல்லிய வரிகள் ஓடுகின்றன, ஆற்று மணலில் அலை விட்டுப் போன தடம் போல. அந்த எஃகை இன்று உருக்குவோர் இல்லை. மான்கொம்புப் பிடி. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. கையின் நீளம்தான் கூடினாற்போல் இருக்கிறது. அலகின் நடுவே பட்டறையின் முத்திரை. ஒரு சிறு வேல். அந்த முத்திரையோடு இன்னும் இரண்டு கத்திகளைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன்."

அடிகள் ஆர்வத்தோடு கேட்டார். "கத்தியை நேசிப்பவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள் ஐயா? கூர்மையையா?"

"இல்லை சாமி. கூர்மையை எவரும் ஏற்றலாம். தீட்டாத கத்திக்கே மதிப்பு. பட்டறையில் பிறந்த மேனி மாறாமல் இருக்க வேண்டும்."

"வெட்டாத கத்திதான் உயர்ந்ததா?"

"சேகரிப்போர் அப்படித்தான் சொல்வார்கள்."

"நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

லிங்கம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "வெட்டும் என்று கைக்குத் தெரிய வேண்டும். ஆனால் அது வெட்டாமல் இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மயக்கம் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் அந்த மயக்கத்தில்தான் இருந்தேன். வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை."

"இந்தக் கத்தி வெட்டியிருக்கிறதே?"

"அதுதான் நெஞ்சை அறுக்கிறது! பிடியை ஒட்டி, கல் எட்டாத ஓரிடத்தில் மட்டும் பழைய அகலம் நிற்கிறது. நான்கு விரல். மற்ற இடமெல்லாம் தீட்டித் தீட்டி ஒன்றரை விரலாகிவிட்டது. முத்திரையில் வேலின் தண்டு போய்விட்டது. இலை மட்டும் மிஞ்சியிருக்கிறது."

"அப்படியானால் மீதி இரண்டரை விரல் எங்கே?"

"தேய்ந்துபோயிற்று சாமி."

"தேய்ந்து எங்கே போயிற்று?"

"கல்லில்தான்."

"அந்தக் கல்லை நான் பார்த்திருக்கிறேன்," என்றார் அடிகள். "அதுவும் தேய்ந்துதான் இருக்கிறது."

லிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடிகள் எழுந்து மாலைப் பூசைக்குப் போய்விட்டார்.

மறுநாள் லிங்கம் தீட்டுக்கல்லைப் போய்ப் பார்த்தார். நடுவே குழிந்து, தொட்டில் போல் கிடந்தது. கழுவிய நீர் ஓடும் வாய்க்காலைப் பார்த்தார். அதன் கரையில் வாழை நின்றது. வாழையடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தும் பார்த்தார். மண்ணாகத்தான் இருந்தது. குரு எதைக் கேட்டார்? கேட்டாரா, வருந்தினாரா? தேய்ந்ததை எண்ணித்தான் அவர் வருந்தினார் என்றும், மிஞ்சியதையாவது காக்கத் தமக்கு ஆணையிட்டார் என்றும் நான்காம் நாள் லிங்கம் முடிவு செய்தார்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, கத்தி காணாமற்போனது. அது கிடந்த இடத்தில், சந்தையில் வாங்கிய பளபளப்பான புதுக் கத்தி ஒன்று கிடந்தது.

"இது யாரு கொண்டாந்து போட்டது? பூசணித் தோலுல நிக்கவே மாட்டேங்கு. வழுக்கிக்கிட்டுப் போவுது," என்றார் ஆவுடையப்பன். பிறகுதான் பழையதைத் தேடினார். விறகை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். சாம்பலைச் சலித்தார். காய்கறித் தொலியோடு போயிருக்குமோ என்று எருக்குழியைக் கிளறினார். கழுவும்போது கிணற்றில் நழுவியிருக்கும் என்று ஒருவர் சொல்ல, உச்சிவேளையில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார்.

மேலே நின்று கயிற்றைப் பிடித்தவர் லிங்கம்.

"கெட்டியாப் புடிச்சுக்கிடுங்க ஐயா. ஒங்க கைய நம்பித்தான் எறங்குதேன்."

"பிடித்திருக்கிறேன்."

கிணற்றில் சேறுதான் இருந்தது.

பூசத்தன்று காலையில் ஆவுடையப்பன் குளித்து, நீறணிந்து, அடிகளின் முன் வந்து நின்றார். லிங்கம் அங்கே விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அந்தக் கத்தி ஒங்களுக்கு முன்னால மடத்துல இருந்த பெரியவர் தன் கையால எம் முன்னால வச்சது. 'இது இருக்கிற வரைக்கும் இந்த அடுப்பு ஒம் பொறுப்பு'ன்னு சொல்லி வச்சது. தொலைச்சவன் இங்க உலை வைக்கப்படாது. இன்னைக்குப் பந்திய முடிச்சுக் குடுத்துட்டு நான் பொறப்படுதேன்."

"எங்கே போவீர்கள் பிள்ளை?"

"தெரியல சாமி. இருபத்தெட்டு வருசமா இந்த வாசலத் தாண்டி எங்கயும் போனதில்ல."

அவர் போன பிறகு விளக்கு லிங்கத்தின் கையிலேயே இருந்தது. சொன்னால் கத்தி மறுபடியும் கல்லுக்குப் போகும், வேல் அழியும். சொல்லாவிட்டால் ஆவுடையப்பன் போய்விடுவார். எதைச் செய்தாலும் ஒன்றை அறுப்பதாகவே இருந்தது. எது குருவின் ஆணை என்று அவருக்குத் தெரியவில்லை.

"சாமி, கத்தி என்னிடம் இருக்கிறது."

அடிகள் திரும்பிப் பார்த்தார்.

"நான் திருடவில்லை. காப்பாற்றினேன். தாங்கள் தேய்ந்ததை எண்ணி வருந்தியதால்..."

"நான் வருந்தினேனா?"

"மீதி எங்கே என்று கேட்டீர்களே?"

"கேட்டேன். நீங்கள் எங்கே தேடினீர்கள்?"

"கல்லில். வாய்க்காலில். வாழையடியில்." அவர் குரல் தாழ்ந்தது. "எங்கும் இல்லை. அதனால்தான் இருப்பதையாவது காப்பாற்றினேன்."

"யாரிடமிருந்து?"

"கல்லிடமிருந்து. பூசணிக்காயிடமிருந்து." சற்று நின்று, "ஆவுடையப்பனிடமிருந்து," என்றார்.

"சரி," என்றார் அடிகள். "ஆவுடையப்பனை யாரிடமிருந்து காப்பாற்றுவது?"

லிங்கம் விளக்கைக் கீழே வைத்தார். தம் அறைக்குப் போய், பாயின் அடியிலிருந்து அந்தப் பட்டுத் துணிப் பொதியை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு நடந்தார். அடிகளும் உடன் வந்தார்.

கைக்கு நேராக நீட்டவில்லை. ஆவுடையப்பனின் காலடியில் தரையில் வைத்து, முடிச்சை அவிழ்த்தார்.

ஆவுடையப்பன் கத்தியைப் பார்த்தார். லிங்கத்தைப் பார்த்தார். மறுபடியும் கத்தியைப் பார்த்தார்.

"நான் கெணத்துக்குள்ள கெடந்தப்ப, நீங்கதான மேல நின்னு கயிறு புடிச்சிய?"

"ஆமாம்."

"ஒரு வார்த்த சொல்லலியே ஐயா!"

ஆவுடையப்பன் மூச்சை இழுத்து விட்டார். கத்தியின் அடியில் விரிந்து கிடந்த துணியைக் கால் விரலால் லேசாக நகர்த்தினார்.

"பட்டுத் துணி! எங் கல்யாணத்துக்கே எங்க அப்பா பருத்தி வேட்டிதான் எடுத்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கத்தியை எடுத்துப் பெருவிரலை அலகின் குறுக்கே வைத்துப் பார்த்தார். "மொட்டையாக் கெடக்கு சாமி. நான் தீட்டணும்னு எடுத்து வச்ச அன்னைக்குத்தான் காணாமப் போச்சு. பதினேழு காய் இருக்கு, பச்சை வேட்டிக்காரங்க பாலத்துக்கிட்ட வந்துட்டாங்க."

"ஐயா தீட்டட்டும்," என்றார் அடிகள்.

ஆவுடையப்பன் கத்தியைத் தரையில் வைத்தார். லிங்கம் அதை எடுத்துக்கொண்டு கல்லின் முன் உட்கார்ந்தார். எள்ளளவான வேலின் இலை, அலகின் ஓரத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாமி, பத்து இழுப்பில் இந்த வேல் போய்விடும். பிறகு இதைச் செய்தவர் யார் என்று எவரும் அறிய முடியாது."

அடிகள் ஆவுடையப்பனின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, எத்தனை இழுப்பில் கூர் வரும்?"

"இருபதாவது வேணும் சாமி."

லிங்கம் இழுத்தார். முதல் இழுப்பில் கல் கத்தியது. கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். ஏழு. எட்டு. ஒன்பதில் கை நின்றுவிட்டது. வாசலில் அடியார்களின் பாட்டு கேட்டது. இலைகளை விரிக்கும் ஓசை கேட்டது. ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அப்போது ஆவுடையப்பன் செம்பை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"காஞ்ச கல்லுல இழுக்காதிய அண்ணாச்சி. தண்ணி ஊத்திக்கிடுங்க."

லிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவரை அந்த மனிதர் அண்ணாச்சி என்று அழைத்ததில்லை. நீரை வார்த்தார். மறுபடியும் இழுத்தார். கருமையான நீர் கல்லின் குழியில் தேங்கி, வழிந்து, வாய்க்காலை நோக்கி ஓடியது. இருபதுக்குப் பிறகும் இரண்டு இழுத்தார்.

கத்தியைக் கழுவித் தரையில் வைத்தபோது அலகில் வரிகள் இருந்தன. வேல் இல்லை.

ஆவுடையப்பன் முதல் பூசணிக்காயில் கத்தியை வைத்தார். அழுத்தவில்லை. காய் தானே திறப்பது போல் இரண்டாகியது. அடுத்த காயை லிங்கம் எடுத்துக் கொடுத்தார்.

உச்சிவேளையில் முந்நூறு பேர் உண்டார்கள். கூட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் போனவர் லிங்கம். பாதங்களில் துணி சுற்றியிருந்த ஒரு பெண், "பூசணிக்கா இன்னும் கொஞ்சம் போடுங்கய்யா. செந்தூர் வரைக்கும் தாங்கணும்லா?" என்றாள். அவர் இரண்டு கரண்டி போட்டார்.

பந்தி முடிந்து எல்லோரும் புறப்பட்ட பின், வாசலில் நின்றிருந்த அடிகளிடம் அவர் வந்தார். வேட்டியெல்லாம் கூட்டு சிந்தியிருந்தது. நகக்கண்ணில் கல்லின் கருமை போகாமல் இருந்தது.

"சாமி, அந்த வேலும் போய்விட்டது."

"ம்."

"இரண்டரை விரல் எங்கே என்று கேட்டீர்கள். இன்று மிஞ்சியதையும் என் கையாலேயே தேய்த்துவிட்டேன். அது எங்கே போயிற்று என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை."

அடிகள் சாலையைப் பார்த்தார். ஆற்றங்கரையோரமாக, வெயிலில், பச்சை உடுத்த அடியார்களின் வரிசை கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், துணி சுற்றிய பாதங்களை மெல்ல எடுத்து வைத்து அந்தப் பெண் போனாள்.

"அதோ ஐயா," என்றார் அடிகள், "செந்தூருக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறதே."